எஸ்எஸ்பி பத்தி ஜூனியர்ஸ் கேக்கற கேள்விகள்: ஆர்மி ஆபீசர் ஆகறதுக்கு என்னதான் வழி?

எஸ்எஸ்பின்னா சர்வீசஸ் செலக்ஷன் போர்டு, ஆபீசர தேர்ந்தெடுக்க அஞ்சு நாள் வெச்சு சோதிக்கற எடம். காலேஜ் என்சிசி பசங்க, அவங்க அம்மா அப்பா, பக்கத்து வீட்டு பிளஸ் டூ தம்பின்னு ஆளாளுக்கு கேட்டது எல்லாத்தையும் ஒரே எடத்துல போட்டிருக்கேன். வயசு, வேகன்சி, கடைசி தேதி எல்லாம் நோட்டிஃபிகேஷனுக்கு நோட்டிஃபிகேஷன் மாறும், அப்ளை பண்றதுக்கு முன்னாடி அத முழுசா ஒரு தடவ படிச்சுடுங்க, யூடியூப் தம்ப்நெயில பாத்து முடிவு பண்ணாதீங்க.

அண்ணா, ரேலில ஓடி செலக்ட் ஆனா போகப்போக ஆபீசர் ஆயிடலாமா?

ஊர்ல முக்கால்வாசி பேருக்கு இருக்கற குழப்பமே இதுதான். கிரவுண்ட்ல 1.6 கிலோமீட்டர் ஓட வெச்சு எடுக்கறது அக்னிவீர், அதாவது ஜவான் செலக்‌ஷன். ஆபீசருக்கு ரூட்டே வேற. மொதல்ல ஒரு எழுத்துத் தேர்வு இல்லன்னா மார்க் வெச்சு ஷார்ட்லிஸ்ட், அப்புறம் அஞ்சு நாள் எஸ்எஸ்பி, அப்புறம் மெடிக்கல், அப்புறம் மெரிட் லிஸ்ட், கடைசியா அகாடமி. உள்ள ஜவானா இருக்கறவங்களும் ஆர்மி கேடட் காலேஜ் வழியா ஆபீசர் ஆகலாம், ஆனா அவங்களும் எஸ்எஸ்பி தாண்டித்தான் வரணும். எஸ்எஸ்பில அந்த 1.6 கிலோமீட்டர் ஓட்டம் கிடையாது, அதுக்காக தொப்பையோட போலாம்னு அர்த்தம் இல்ல.

சரி, எந்தெந்த வழில உள்ள போகலாம்?

பிளஸ் டூ பசங்களுக்கு என்டிஏ, அதாவது நேஷனல் டிஃபென்ஸ் அகாடமி. யுபிஎஸ்சி வருஷத்துக்கு ரெண்டு தடவ நடத்துது, வயசு சுமாரா 16½ல இருந்து 19½. ஆர்மி விங்குக்கு எந்த குரூப் படிச்சிருந்தாலும் ஓகே, நேவி ஏர்ஃபோர்ஸ்னா பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ் வேணும். எழுத்துத் தேர்வுக்கு 900 மார்க், எஸ்எஸ்பிக்கு 900 மார்க். சரிபாதி. இத மட்டும் மனசுல வெச்சுக்கோங்க, ரெண்டு வருஷம் மேத்ஸ் கோச்சிங் போயிட்டு எஸ்எஸ்பிக்கு ஒரு வாரம் ஒதுக்கற ஆளுங்க நெறைய.

டிகிரி முடிச்சவங்க, ஃபைனல் இயர்ல இருக்கறவங்களுக்கு சிடிஎஸ், அதுவும் யுபிஎஸ்சி, அதுவும் வருஷத்துக்கு ரெண்டு தடவ. ஐஎம்ஏ (டேராடூன்ல இருக்கற ஆர்மி அகாடமி), நேவி, ஏர்ஃபோர்ஸ் கேட்டா மேத்ஸ் பேப்பர் உண்டு, சென்னை ஓடிஏ (ஆபீசர்ஸ் ட்ரெயினிங் அகாடமி) மட்டும் கேட்டா இங்கிலீஷும் ஜெனரல் நாலெட்ஜும் போதும், மேத்ஸ் கிடையாது (ஆர்ட்ஸ் குரூப் ஆளுங்க இத தெரியாம சிடிஎஸ்ஸே எழுதாம விட்டுடறாங்க). ஏர்ஃபோர்ஸ் தனியா ஆஃப்கேட்னு ஒரு தேர்வு நடத்துது. இன்ஜினியரிங் பசங்களுக்கு டெக்னிக்கல் என்ட்ரி இருக்கு, லா படிச்சவங்களுக்கு ஜேஏஜி (ஆர்மியோட சட்டப் பிரிவு) இருக்கு, பிளஸ் டூல பிசிக்ஸ் கெமிஸ்ட்ரி மேத்ஸ்ல 60 சதவீதமும் ஜேஇஇ மெயின் ஸ்கோரும் இருந்தா டிஇஎஸ், அதாவது பிளஸ் டூ முடிச்சவங்களுக்கான டெக்னிக்கல் என்ட்ரி இருக்கு.

என்சிசி சி சர்டிஃபிகேட், பி கிரேடோ அதுக்கு மேலயோ, டிகிரில 50 சதவீதம். இது இருந்தா எழுத்துத் தேர்வே இல்லாம நேரா எஸ்எஸ்பி. தமிழ்நாட்டு காலேஜ்ல வெயில்ல பரேட் அடிச்சு சி சர்டிஃபிகேட் வாங்கி ஃபைல்ல போட்டு வெச்சுட்டு பேங்க் எக்ஸாமுக்கு ஓடற பசங்கள பாத்தா எனக்கு வயிறு எரியும்.

கொஸ்டின் பேப்பர் தமிழ்ல வருமா?

வராது. இங்கிலீஷ், ஹிந்தி மட்டும்தான்.

எஸ்எஸ்பி எந்த ஊர்ல? செலவு யார் பாக்கறது?

ஆர்மிக்கு பிரயாக்ராஜ், போபால், பெங்களூரு, ஜலந்தர். ஏர்ஃபோர்ஸுக்கு டேராடூன், மைசூரு, காந்திநகர், வாரணாசி. நம்ம ஆளுங்களுக்கு பெங்களூரு கெடச்சா அதிர்ஷ்டம், இல்லன்னா ரெண்டு நாள் ரயில். தங்கறது சாப்பாடு எல்லாம் அவங்களே, பைசா வாங்க மாட்டாங்க. அந்த என்ட்ரிக்கு மொத தடவ போறீங்கன்னா தேர்ட் ஏசி டிக்கெட் காசும் திருப்பித் தந்துடுவாங்க, செலக்ட் ஆகலன்னாலும் தருவாங்க, அதனால டிக்கெட்ட பத்திரமா வெச்சுக்கோங்க. ரெண்டாவது தடவ அதே என்ட்ரிக்கு போனா கைக்காசுதான்.

அப்படி அஞ்சு நாள் வெச்சுகிட்டு என்னதான் பாக்கறாங்க?

கொஞ்சம் நீளமா சொல்றேன், ஏன்னா இது புரிஞ்சா மீதி எல்லாம் தானா புரியும். ரெண்டாம் உலகப் போர் சமயத்துல பிரிட்டிஷ் ஆர்மிக்கு ஆபீசர் தட்டுப்பாடு, சின்ன இன்டர்வியூ வெச்சு குடும்பம் பள்ளிக்கூடம் பாத்து எடுத்த ஆளுங்க ட்ரெயினிங்ல நிக்காம போயிட்டாங்க, அதனால சைக்காலஜிஸ்ட்ட உள்ள கொண்டு வந்து ஒரு போர்டு சிஸ்டம் ஆரம்பிச்சாங்க. இந்தியால 1943ல டேராடூன்ல மொதல்ல ட்ரை பண்ணாங்க. இன்னிக்கி ஓடற எஸ்எஸ்பி அதோட வழிவந்ததுதான்.

மூணு பேர் உங்கள தனித்தனியா பாக்கறாங்க. சைக்காலஜிஸ்ட் உங்க மூஞ்சியவே பாக்காம நீங்க எழுதினத மட்டும் படிக்கறார். இன்டர்வியூ ஆபீசர் நீங்க பேசறத கேக்கறார். ஜிடிஓ, அதாவது குரூப் டெஸ்ட் நடத்தற ஆபீசர், கிரவுண்ட்ல நீங்க செய்யறத பாக்கறார். மனசு, வாக்கு, செயல். மூணு பேரும் கடைசி நாள் வரைக்கும் ஒருத்தரோட மார்க்க இன்னொருத்தர் பாக்கறதில்ல. தேடறது 15 குணம்: புத்தி, காரணம் பாத்து யோசிக்கறது, திட்டமிடறது, சொல்ல வந்தத சொல்லத் தெரியறது, மத்தவங்களோட ஒத்துப்போறது, பொறுப்பு, தானா முன்வர்றது, தன்னம்பிக்கை, சட்டுன்னு முடிவெடுக்கறது, கூட்டத்த தன் பக்கம் இழுக்கறது, கலகலப்பு, விடாப்பிடி, தைரியம், தாங்கற சக்தி, கூடி வேல செய்யறது.

இதுல எதுவும் அசாத்தியமான குணம் இல்ல, நம்ம வீட்லயே ரெண்டு மூணு பேர்கிட்ட இருக்கும். கதைல தைரியசாலியா எழுதிட்டு, இன்டர்வியூல தைரியசாலின்னு சொல்லிட்டு, கிரவுண்ட்ல போயி பின்னாடி நின்னா மூணும் ஒட்டாது, அங்கதான் அடி வாங்கறோம். ஒட்டற மாதிரி இருக்கறதுக்கு சுலபமான வழி உள்ளத உள்ளபடி காட்டறதுதான்.

மொத நாளே திருப்பி அனுப்பிடுவாங்களாமே?

ஆமா, ஸ்க்ரீனிங். பல பேட்ச்ல பாதிக்கு மேல அன்னிக்கி சாயங்காலமே பேக்க தூக்கிட்டு ஸ்டேஷன் போயிடறாங்க. மொதல்ல ஓஐஆர்னு ரீசனிங் டெஸ்ட், பேங்க் எக்ஸாம் ப்ராக்டிஸ் பண்ண ஆளுக்கு ஈசி. அப்புறம் மங்கலா ஒரு படம் 30 செகண்ட் காட்டுவாங்க, எத்தன பேர் இருக்காங்க, வயசு என்ன, ஆணா பொண்ணா, என்ன மூட்னு குறிக்க ஒரு நிமிஷம், கதை எழுத நாலு நிமிஷம். அப்புறம் 15 பேர் மாதிரி அரைவட்டமா ஒக்கார வெச்சு ஆளுக்கு ஒரு நிமிஷம் கதைய சொல்லச் சொல்லி, எல்லாரும் பேசி ஒரு பொதுக்கதைக்கு வாங்கன்னு விட்டுடுவாங்க.

அங்க நடக்கறது மீன் மார்க்கெட்தான், வேற வார்த்தை இல்ல. எல்லாரும் ஒரே நேரத்துல கத்துவாங்க. நம்ம ஊர் பசங்க பெரும்பாலும் ரெண்டு தப்புல ஒண்ணு பண்றாங்க, பெரியவங்க பேசும்போது குறுக்க பேசக்கூடாதுன்னு வளத்த பழக்கத்துல கம்முனு ஒக்காந்துடறாங்க, இல்லன்னா கோச்சிங்ல சொன்னாங்கன்னு "ஜென்டில்மேன், லெட்ஸ் ஸ்டார்ட்"னு ஆரம்பிச்சுட்டு அதுக்கப்புறம் சொல்ல ஒண்ணுமில்லாம முழிக்கறாங்க. மூணு தடவ உள்ள பூந்து உருப்படியா ஒரு பாயின்ட் சொன்னாலே போதும், "செஸ்ட் நம்பர் ஆறு சொன்னது சரி, அதோட இதையும் சேத்துக்கலாம்"ன்னு அடுத்தவன் பேச்ச கேட்ட மாதிரி பேசினா இன்னும் நல்லது (செஸ்ட் நம்பர்னா ஆளுக்கு ஒண்ணா நெஞ்சுல மாட்டிக்கற நம்பர்). கதையும் சாதாரணமா இருக்கட்டும், படத்துல வயல் இருந்தா வயல் கதை, அதுக்குள்ள தீவிரவாதிய இறக்காதீங்க.

சைக்காலஜி டெஸ்ட்ல என்ன எழுதணும்?

டிஏடின்னு படம் பாத்து கதை எழுதற டெஸ்ட்ல 11 படம், கடைசியா ஒரு வெள்ளத்தாள், மொத்தம் 12 கதை, ஒவ்வொண்ணுக்கும் நாலு நிமிஷம். அப்புறம் 60 வார்த்தை, ஒவ்வொண்ணும் 15 செகண்ட் திரையில, மனசுல மொதல்ல தோணறத ஒரு வாக்கியமா எழுதணும். அப்புறம் 60 சிச்சுவேஷன், அரை மணி நேரம். கடைசியா சுயவிவரம்: அம்மா அப்பா, வாத்தியார், ஃப்ரெண்ட்ஸ் உங்களப் பத்தி என்ன நெனக்கறாங்க, நீங்க என்ன நெனக்கறீங்க, எப்படி ஆகணும்னு ஆசை, இதுக்கு 15 நிமிஷம். காலைல ஒக்காந்தா கை வலிக்க எழுதிட்டுதான் எழுந்திரிப்பீங்க, அப்படி யோசிக்க விடாம ஓட்டறதே திட்டம்தான், ஏன்னா டைம் இருந்தா எல்லாரும் நல்லவனா நடிச்சிடுவோம்.

ஒரு உதாரணம் (நானே போட்டது). சிச்சுவேஷன்: ஃப்ரெண்டு கல்யாணத்துக்கு போற வழில பஸ் ரிப்பேர், ராத்திரி பத்து மணி, சுத்தி யாரும் இல்ல. ஒருத்தன் எழுதறான், "பஸ்ஸ தானே ரிப்பேர் பண்ணி எல்லாரையும் காப்பாத்தினான்." மெக்கானிக்கல் படிச்சவன்கூட அப்படி செய்ய மாட்டான். இன்னொருத்தன், "டிரைவர்கிட்ட கேட்டு டெப்போவுக்கு போன் பண்ண வெச்சான், கொழந்தை இருந்த குடும்பத்த வந்த லாரில ஏத்தி விட்டான், மாத்து பஸ்ல போயி காலைல முகூர்த்தத்துக்கு சேந்தான்." ரெண்டாவது ஆள நம்பலாம், அவன் எந்த பயலா வேணா இருக்கலாம், நம்ம தெருவுல இருக்கற பயலா இருக்கலாம்.

60 வார்த்தையும் 60 சிச்சுவேஷனும் முடிக்கணுமான்னு கேப்பீங்க. முடிஞ்சா நல்லது, சில விட்டுப் போனா உலகம் அழிஞ்சிடாது, ஆனா வேகமா முடிக்கறேன்னு "உதவினான்", "சொன்னான்"னு ஒத்த வார்த்தைல எழுதிட்டு வந்தா அவருக்கு படிக்க என்ன இருக்கு?

கோச்சிங் போகணுமா?

பத்து நாள் போயி கிரவுண்ட்ட பாத்து, நாலு பேர் முன்னாடி பேசற கூச்சம் போனா அந்த அளவுக்கு லாபம். அதத் தாண்டி அவங்க தர்ற ரெடிமேட் கதையையும் வாக்கியத்தையும் மனப்பாடம் பண்ணிட்டு போறது இரவல் சட்டை போட்டுட்டு பொண்ணு பாக்க போற மாதிரி, தோள்பட்டைலயே தெரிஞ்சிடும். வருஷம் பூரா ஆயிரக்கணக்கான பேர் எழுதினத படிக்கற சைக்காலஜிஸ்ட்டுக்கு எந்த கதை எங்கேருந்து வருதுன்னு தெரியாமயா இருக்கும்? காசு இல்லன்னா போகாதீங்க, ஒண்ணும் குறைஞ்சிடாது. டெய்லி ஒரு இங்கிலீஷ் பேப்பர் படிங்க, ஃப்ரெண்ட்ஸ் நாலு பேர சேத்து வாரம் ரெண்டு நாள் ஏதாவது டாபிக் எடுத்து இங்கிலீஷ்ல சண்ட போடுங்க, போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க.

எனக்கு இங்கிலீஷ் சுமார், ஹிந்தி சுத்தமா வராது. போகலாமா?

சுமாரான இங்கிலீஷ் போதும், ஸ்டைல் யாருக்கும் வேணாம். நிறுத்தி நிதானமா தப்பில்லாம சின்னச் சின்ன வாக்கியமா பேசினா போதும், தமிழ் மீடியத்துல படிச்சு ஆபீசர் ஆனவங்க இருக்காங்க. ஹிந்திதான் நடைமுறை தலவலி. டிஸ்கஷன் சூடானா வடக்கத்தி பசங்க தன்னால ஹிந்திக்கு தாவிடுவாங்க. அப்போ சிரிச்சுகிட்டே "இங்கிலீஷ்ல பேசுங்கப்பா, எனக்கு புரியல"ன்னு சொல்லிடுங்க, அதுல வெக்கம் ஒண்ணுமில்ல, சொல்லாம தலையாட்டிட்டு ஒக்காந்தீங்கன்னாதான் நஷ்டம். அந்த அஞ்சு நாள் ரூம்ல கூட தங்கற பசங்களோட பழகிட்டீங்கன்னா பாதி பிரச்சனை போயிடும், அவங்களே குரூப்ல உங்களுக்காக இங்கிலீஷுக்கு மாறுவாங்க.

கிரவுண்ட்ல என்ன பண்ணச் சொல்வாங்க? எனக்கு உடம்பு அவ்ளோ ஸ்ட்ராங் இல்ல.

ரெண்டு நாள் ஜிடிஓ. குரூப் டிஸ்கஷன், அப்புறம் ஒரு மாதிரி ஊர் மாடல காட்டி ஒரே நேரத்துல நாலஞ்சு பிரச்சனை குடுத்து எத மொதல்ல தீப்பீங்கன்னு பிளான் போடச் சொல்றது, அப்புறம் மரக்கட்டை, பலகை, கயிறு மூணையும் வெச்சு தரைய தொடாம ஒரு எடத்தக் கடக்கறது. செவப்பு பெயின்ட் அடிச்சத தொடக்கூடாது, நாலடிக்கு மேல தூரம்னா தாண்டாம பாலம் கட்டித்தான் போகணும், எல்லாரும் போனப்புறம்தான் சாமானும் வரணும், இப்படி ரூல்ஸ் மொதல்லயே சொல்லிடுவாங்க. பாம்பு மாதிரி ஒரு நீள மூட்டைய எல்லாரும் தூக்கிட்டு தடை தாண்டி இன்னொரு குரூப்போட ரேஸ் ஓடறதும் உண்டு, அஞ்சு நாள்லயே ஜாலியான விஷயம் அதுதான், தொண்ட கட்டிடும்.

தனியா செய்யறது பத்து தடை, மூணு நிமிஷம், ஒவ்வொண்ணுக்கும் 1ல இருந்து 10 வரைக்கும் மார்க். பத்தையும் முடிக்கற ஆள் கொஞ்சம் பேர்தான். எது எங்க இருக்குன்னு மொதல்லயே காட்டுவாங்க, அப்பவே ரூட் போட்டுக்கோங்க. உடம்பு பயில்வானா இருக்க வேண்டியதில்ல, கயித்துல தொங்கி தாவற அளவுக்கு, பத்தடி உயரத்துல பலக மேல நடக்கற அளவுக்கு பயம் போயிருக்கணும். ரெண்டு மாசம் தெனமும் ஓடி, பார்ல தொங்கி, தோட்டத்து சுவர் ஏறி எறங்கினா சரியாயிடும்.

கமாண்ட் டாஸ்க்னு ஒண்ணு இருக்கு, நீங்க கமாண்டர், குரூப்ல இருந்து ஒண்ணு ரெண்டு பேர நீங்களே கூப்ட்டு வேல வாங்கணும். யார கூப்டறீங்க, மத்தவங்க உங்கள எத்தன தடவ கூப்டறாங்க, இது ரெண்டும் உங்களப் பத்தி நெறைய சொல்லிடும். தனியா மேல ஏறி ஹீரோ ஆகற பையன அடுத்த நாள் ஒருத்தனும் கூப்ட மாட்டான்.

லெக்சரெட்னா ஒரு சீட்டுல நாலு டாபிக், மூணு நிமிஷம் யோசிச்சு மூணு நிமிஷம் பேசணும். கஷ்டமான டாபிக் எடுத்து திணறறதவிட தெரிஞ்ச டாபிக்க நல்லா பேசுங்க.

எங்கப்பா ஆட்டோ ஓட்டறார், அம்மா பூ கட்டறாங்க. ஃபார்ம்ல அப்படியே போடலாமா?

அப்படியேதான் போடணும் தம்பி. பிஐக்யூன்னு ஒரு ஃபார்ம் குடுப்பாங்க, ஊர், ஜனத்தொகை, அம்மா அப்பா வேல, வருமானம், மார்க், ஸ்போர்ட்ஸ், ஹாபி, நீங்க வகிச்ச பொறுப்பு எல்லாம் அதுல. இன்டர்வியூ மொத்தமும் அதுல இருந்துதான் கிளம்பும். ஆட்டோல ஒரு நாளைக்கு கேஸ் செலவு என்ன, பர்மிட் என்ன, அப்பா எப்ப ஸ்டாண்டுக்கு போறார், லீவுல நீ என்ன உதவி பண்றன்னு கேட்டா உனக்கு எல்லாம் தெரிஞ்சிருக்கணும், தெரிஞ்சிருந்தா அதுவே பெரிய மார்க். அப்பாவ பிசினஸ்னு போட்டுட்டு ரெண்டாவது கேள்விலயே மாட்டறவங்க இருக்காங்க.

கேள்வி சரமாரியா வரும். பத்தாவதுல இருந்து மார்க் சொல்லு, புடிச்ச வாத்தியார் யாரு, ஏன், புடிக்காதவர் யாரு, ஃப்ரெண்ட்ஸ் யாரு, மார்க் ஏன் கொறஞ்சுதுன்னு ஒரே மூச்சுல பத்து கேட்டுட்டு நிறுத்துவார். வரிசையா சொல்லிட்டே போங்க, நடுவுல ஒண்ணு மறந்துட்டா கேட்டுக்கோங்க. ஹாபில "ரீடிங்"னு போட்டா கடைசியா படிச்ச புக் கேக்காம விட மாட்டார். தெரியாத கேள்விக்கு "தெரியாது சார்"தான் பதில்.

கடைசி நாள் கான்ஃபரன்ஸ்ல மாத்திடுவாங்களா?

யூனிஃபார்ம்ல மொத்த போர்டும் ஒக்காந்திருக்கும், நீங்க உள்ள போனா சாப்பாடு எப்படி இருந்துச்சு, ஃப்ரெண்ட்ஸ் கெடச்சாங்களான்னு ரெண்டு நிமிஷம் கேட்டு அனுப்பிடுவாங்க. அதுக்கு முன்னாடியே மூணு பேரும் ஒக்காந்து பேசியிருப்பாங்க. ரொம்ப நேரம் புடிச்சு வெச்சா பார்டர்ல இருக்கீங்கன்னு வெளிய ஒரு கதை ஓடும், அத வெச்சு பிபி ஏத்திக்காதீங்க. கொஞ்ச நேரத்துல ஒரு ஆபீசர் வந்து செலக்ட் ஆனவங்க செஸ்ட் நம்பர் படிப்பார். பல பேட்ச்ல ஒண்ணு ரெண்டு நம்பர்தான், ஒண்ணுமே படிக்காத பேட்சும் உண்டு.

மெடிக்கல்ல எதுக்கு ரிஜெக்ட் ஆகும்?

முட்டி ஒட்டறது, தட்டப் பாதம், கலர் விஷன், வெயிட், காதுல அழுக்கு, வெரிகோசீல் (விதைப்பைல ரத்தக்குழாய் வீக்கம்) இதெல்லாம் அடிக்கடி வர்றது. சிலது டெம்பரரி, சரி பண்ணிட்டு அப்பீல் மெடிக்கல் போலாம், அதுலயும் ஆகலன்னா ரிவ்யூ மெடிக்கல் கேக்கலாம், எந்த ஆஸ்பத்திரி, எத்தன நாளுக்குள்ளன்னு அவங்களே பேப்பர்ல எழுதிக் குடுப்பாங்க. லேசிக் (கண்ணுக்கு லேசர் ஆபரேஷன்) பண்ணவங்க என்டிஏவுக்கு போக முடியாது, ஆர்மி கிராஜுவேட் என்ட்ரிக்கு நிபந்தனையோட உண்டு, 20 வயசுக்கப்புறம் பண்ணியிருக்கணும், பண்ணி ஒரு வருஷம் ஆகியிருக்கணும். டாட்டூ போடற ஆசை இருந்தா கொஞ்ச நாள் தள்ளிப்போடுங்க. எஸ்எஸ்பிக்கு போறதுக்கு முன்னாடி ஊர்ல ஒரு டாக்டர்கிட்ட மொத்தமா செக் பண்ணிக்கோங்க, பல்லு காது உட்பட.

என் பொண்ணு போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறா. பொம்பளப் புள்ளைக்கு இதெல்லாம் சரிப்படுமா?

அம்மா, 1992ல இருந்தே பொண்ணுங்க ஆபீசரா சேர்றாங்க, அவங்களுக்கு ட்ரெயினிங் நடந்ததே நம்ம சென்னை பரங்கிமலைல இருக்கற ஓடிஏலதான். 2020ல சுப்ரீம் கோர்ட் தீர்ப்புக்கப்புறம் பெர்மனன்ட் கமிஷனும் (ரிட்டயர் ஆகற வரைக்கும் சர்வீஸ்) உண்டு, 2022ல இருந்து என்டிஏலயும் பொண்ணுங்க படிக்கறாங்க. எஸ்எஸ்பி அவங்களுக்கும் அதே அஞ்சு நாள்தான், தங்கற எடம் தனி. தயங்காம அனுப்புங்க, ஸ்டேஷன் வரைக்கும் கூடப் போங்க, கேட்டுக்கு வெளிய அஞ்சு நாள் லாட்ஜ் போட்டு காத்துகிட்டு இருக்க வேணாம்.

ரெக்கமெண்ட் ஆயிட்டா வேல கன்ஃபர்ம்தானே?

இல்ல, கஷ்டமா இருந்தாலும் தெரிஞ்சுக்கோங்க. எஸ்எஸ்பில ரெக்கமெண்ட் ஆகணும், மெடிக்கல் ஃபிட் ஆகணும், அதுக்கப்புறம் வேகன்சிக்குள்ள மெரிட்ல வரணும். என்சிசி, டெக்னிக்கல் மாதிரி சீட் கம்மியா இருக்கற என்ட்ரில ரெக்கமெண்டும் ஃபிட்டும் ஆகி மெரிட்ல வெளிய நின்னவங்க இருக்காங்க. அதனால ஒரே என்ட்ரிய நம்பாம தகுதி இருக்கற எல்லாத்துக்கும் போட்டு வைங்க. எத்தன தடவ வேணா போலாம், வயசுதான் கணக்கு. ஏர்ஃபோர்ஸ் ஃப்ளையிங்குக்கு வைக்கற பைலட் டெஸ்ட் மட்டும் வாழ்க்கைல ஒரே தடவ, அதுல போச்சுன்னா போச்சு.

ஒருத்தர் அஞ்சு லட்சம் குடுத்தா முடிச்சுத் தர்றேங்கறார்...

குடுக்காதீங்க. மூணு பேர் தனித்தனியா மார்க் போடற எடத்துல யார் எத முடிச்சுத் தர முடியும்? போலீஸ்ல சொல்லுங்க.

ட்ரெயினிங் எவ்ளோ நாள், சம்பளம் உண்டா?

என்டிஏன்னா கடக்வாஸ்லால மூணு வருஷம், அப்புறம் ஆர்மிக்கு டேராடூன் ஐஎம்ஏல ஒரு வருஷம். ஓடிஏன்னா 49 வாரம், சென்னை, இப்ப கயாவிலயும் இருக்கு. ஐஎம்ஏ, ஓடிஏ ட்ரெயினிங்ல மாசம் 56,100 ரூபா ஸ்டைபெண்ட், லெப்டினன்ட்டா வெளிய வந்தா அதே அடிப்படை சம்பளம், மேல மிலிட்டரி சர்வீஸ் பே 15,500, அலவன்ஸ் தனி. மேஜர் முகுந்த் வரதராஜன் சென்னை ஓடிஏல ட்ரெயினிங் முடிச்சு 2006ல ஆபீசர் ஆனவர், 2014 ஏப்ரல்ல ஷோபியான் சண்டைல உயிர் விட்டார், அசோக சக்ரா குடுத்தாங்க. ஷார்ட் சர்வீஸ்னா பத்து வருஷம், நாலு வருஷம் நீட்டிக்கலாம், பெர்மனன்ட்டும் கேக்கலாம், வீட்ல "பத்து வருஷம் கழிச்சு என்ன பண்ணுவ"ன்னு கேப்பாங்க, அதுக்கும் ஒரு பதில் ரெடி பண்ணி வெச்சுக்கோங்க, இன்டர்வியூலயும் உதவும்.

என்னென்ன எடுத்துட்டு போகணும்?

கால் லெட்டர், ஒரிஜினல் சர்டிஃபிகேட், அட்டெஸ்ட் பண்ண ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ ஒரு இருபது (நெஜமா அவ்ளோ கேப்பாங்க). ரெண்டு ஃபார்மல் செட், ஷூ, வெள்ள டி-ஷர்ட், வெள்ள ஷார்ட்ஸ், வெள்ள கேன்வாஸ் ஷூ, சாக்ஸ் நாலு ஜோடி. வடக்க டிசம்பர் ஜனவரின்னா ஸ்வெட்டர் கண்டிப்பா, நம்ம ஊர் குளிர நெனச்சு போனா காலைல ஆறு மணி கிரவுண்ட்ல பல்லு தந்தி அடிக்கும். பேனா நாலஞ்சு, எழுதி எழுதி தீந்துடும். பூட்டு ஒண்ணு. வீட்டு சர்டிஃபிகேட்ல பேரும் இனிஷியலும் ஒண்ணுக்கொண்ணு மாறியிருந்தா போறதுக்கு முன்னாடியே அஃபிடவிட் போட்டு வெச்சுடுங்க, நம்ம இனிஷியல் முறைய வடக்க விளக்கறதுக்குள்ள போதும் போதும்னு ஆயிடும்.